லீவு முடிந்து திரும்பும் நாட்கள்

ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலை செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். இப்படிப்பட்ட நாட்களைக் கணக்குப் பண்ணித்தான் பட்டாளத்துக்காரர்கள் லீவு கேட்பார்கள். லீவு கிடைக்குமா என்ற கவலை வீட்டாருக்கும் உண்டு. ஆனால் லீவு முடிந்து, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ரயிலேறி, எங்கோ வடக்கே முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வரும் நாட்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆபத்து அந்த நாட்களில்தான் அதிகம்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். உள்ளிட்ட மத்திய ஆயுதப் படைகளில் ஐந்தாண்டுகளில் 730 பேர் தற்கொலையால் இறந்ததாக 2024 இறுதியில் தகவல் வெளியானது. இதை ஆராய உள்துறை அமைச்சகம் அமைத்த பணிக்குழு, அந்தத் தற்கொலைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பிய பின் நடந்தவை என்று கண்டது. கணவன் மனைவிக்குள் பிணக்கு, நெருங்கியவரின் மரணம், பண நெருக்கடி, பிள்ளைகளின் படிப்பு என்று பின்னணிகள் பலவாக இருந்தன. இவற்றில் எதுவும் தனியாக ஓர் உயிரைப் பறித்துவிடாது. ஊரில் இருந்தால் பத்துப் பேரைப் பார்த்துப் பேசித் தீர்க்கப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் டியூட்டியில் நிற்பவரின் கையில் இருப்பதோ ஒரு செல்போன். அதற்கும் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

போர்தான் மனத்தை உடைக்கிறது என்று பொதுவாக நம்புகிறோம். அமெரிக்காவில் ஒன்றரை லட்சம் படைவீரர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியான ஆய்வில், போர்முனை அனுபவத்துக்கும் தற்கொலைக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை. மனச்சோர்வு, இருதுருவ மனநோய், மதுப் பிரச்சினை ஆகியவற்றோடுதான் தொடர்பு இருந்தது. போரின் காயங்களை இதை வைத்துத் தள்ளிவிட முடியாது. ஆனால் மூன்றுமே சிகிச்சைக்கு இடம் தருபவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் இரண்டு எண்ணங்களைச் சுட்டுகிறார்: ‘எனக்கென்று யாருமில்லை’, ‘நான் எல்லோருக்கும் பாரம்’. இரண்டாவதுதான் என்னை உலுக்குகிறது. மாதாமாதம் பணம் அனுப்பிக் குடும்பத்தைத் தாங்குகிறவருக்கே, வீட்டுச் சிக்கலைத் தீர்க்க முடியாத ஒரு கட்டத்தில், தான் பாரம் என்று தோன்றிவிடுகிறது. அந்த எண்ணம் பொய். ஆனால் உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. வெளியே இருந்து யாராவது சொல்ல வேண்டும்.

வெளியே சொல்லவோ பயம். மத்தியப் படைகளில் பதவி உயர்வுக்கு ‘ஷேப்-1’ என்ற மருத்துவத் தகுதி வேண்டும். அந்த ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தே மனநலத்தைக் குறிப்பது. டாக்டரிடம் போனால் கேட்டகரி இறங்கிவிடும் என்று அஞ்சுகிறவர் வாயைத் திறப்பாரா? சிகிச்சை பெற்று மீண்டவருக்குப் பழைய தகுதியும் பதவியும் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையைப் படைகள் உண்டாக்காதவரை, எத்தனை ஆலோசகர்களை அமர்த்தினாலும் அவர்கள் அறை காலியாகவே கிடக்கும்.

நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் ஆயுதம் கைக்கெட்டாமல் இருந்தாலே உயிர் தப்பக்கூடும். வார இறுதியில் வீடு செல்லும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று இஸ்ரேல் ராணுவம் 2006-இல் விதித்தது. தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. வார நாட்களில் அவை கூடவும் இல்லை.

அதைவிட எளிய வழியும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியபோது தனக்கு வந்த கடிதங்கள் எவ்வளவு தெம்பு தந்தன என்பதை மறக்காத ஜெரோம் மோட்டோ, பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவில் மனநல மருத்துவரானார். மருத்துவமனையை விட்டுப் போனபின் தொடர்சிகிச்சையை மறுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, பதில் எதிர்பார்க்காத சிறு நலம் விசாரிப்புக் கடிதங்களை அனுப்பிவந்தார். முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்களிடையே தற்கொலை குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்பட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் நடத்திய ஆய்வும் இதையொட்டியதே. ஒருமுறை விரிவாகப் பேசி, பிறகு ஒன்றரை ஆண்டுகள் அவ்வப்போது தொடர்புகொண்டார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தனர். தொடர்பில் வைத்திருந்தவர்களில் அது 0.2 சதவீதம்.

ஆகவே, திரும்பிப் போனவருக்கு முதல் சில வாரங்கள் அடிக்கடி போன் போடுங்கள். சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்தாமல், தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாது. ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். முப்படையினருக்கென்றே அதன் தனிப் பிரிவு 2023 டிசம்பர் முதல் புனேயில் இயங்குகிறது.