மார்கழி வெயில் எந்தச் சுவரில் விழுகிறது?

டிசம்பர் 21-ஆம் தேதி நண்பகலில் சென்னை நந்தனத்தில் உள்ள ஓர் ஐந்தடி காம்பவுண்ட் சுவர், வடக்குப் பக்கமாகச் சுமார் மூன்றே முக்கால் அடிக்கு நிழல் போடும். ஜூன் 21-ஆம் தேதி நண்பகலில் அதே சுவரின் நிழல் ஓரடிகூடத் தேறாது. அதுவும் தெற்குப் பக்கம் விழும்.

சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. அந்த இரண்டு நாட்களுக்கு இடையில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வரும். மற்ற எட்டு மாதமும் தெற்கிலிருந்து. டெல்லிக்காரருக்கும் லண்டன்காரருக்கும் இந்த இடமாற்றம் கிடையாது. அவர்கள் ஊரில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கேதான். நம் ஊரில் மட்டும், கோடையில் நண்பகல் வெயிலே படாத தெற்குச் சுவரடி மார்கழியில் வெளிச்சத்தில் குளிக்கிறது. ஆனியில் வெயில் வாங்கிய வடக்குச் சுவரடி தையில் நிழலாகிவிடுகிறது.

குளிர்காலத்துக்கு வண்ண இலைச் செடி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். “போன வருஷம் என்னமா சிவந்திருந்தது, இப்ப வெறும் பச்சையா நிக்குது” என்று குரோட்டன்ஸைப் பற்றிக் குறைப்படாத மாடித் தோட்டக்காரர் அரிது. உரத்தை மாற்றுவார்கள், மண்ணை மாற்றுவார்கள். பல வீடுகளில் மாறியது வெளிச்சம். நந்தனம் விரிவாக்கத்தில் தோட்டத்தோடு இருந்த தனி வீடுகள் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. உங்கள் வீட்டுக்குத் தெற்கே 35 அடி உயரத்துக்கு ஒரு கட்டடம் எழும்பினால், மார்கழி நண்பகலில் அதன் நிழல் 26 அடி தூரம் உங்கள் பக்கம் நீளும். மே மாதத்தில் வந்து பார்த்தால் அந்த நிழலே இருக்காது. அதனால் காரணம் யாருக்கும் பிடிபடுவதில்லை.

குளிர்காலம் என்ற சொல்லையும் நம் ஊருக்குத் தக்கபடிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். குரோட்டன்ஸுக்குக் குளிர் உறைப்பது ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே போனால்தான். அப்போது அது இலையை உதிர்க்கத் தொடங்கும். நூறாண்டுக்கு மேற்பட்ட பதிவேட்டில் இங்கே அந்தக் குளிர் வரவே இல்லை. ஊட்டியில் உறைபனி விழும் டிசம்பர் இரவில் இதே செடி திறந்த வெளியில் தாங்காது. ஆகவே நமக்குக் குளிர்காலம் என்பது வடகிழக்குப் பருவமழை, அதன்பின் வரும் சாய்ந்த வெயில், இந்த இரண்டும்தான். மழை அடித்தால் பூ உதிர்ந்துவிடும். மல்லிக்கும் அது சீசன் இல்லை. டிசம்பர் பூவும் சாமந்தியும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசியிலிருந்து மாசி வரை விடாமல் நிறம் தருவது இலைதான்.

பீட்ரா ரகக் குரோட்டன்ஸ் ஒன்றை நுனியிலிருந்து அடிவரை பாருங்கள். இந்த ரகம் சென்னையில் எந்த நர்சரியிலும் கிடைக்கும். நுனியில் விரிந்த புது இலை பச்சை, நரம்பு மஞ்சள். நான்கைந்து இலை கீழே வந்தால் மஞ்சள் ஆரஞ்சாகியிருக்கும். இன்னும் கீழே நரம்பும் விளிம்பும் சிவந்து, இலையின் பச்சை கறுத்து, கருஞ்சிவப்பில் போய் முடியும். மாமரத்திலும் அரசமரத்திலும் நாம் பார்த்துப் பழகியதற்கு இது நேர் எதிர். அங்கே கொழுந்து சிவப்பு, முதிர்ந்தது பச்சை. இங்கே இளசு பச்சை, முதுமை சிவப்பு.

இரண்டிலும் சிவப்பைத் தருவது ஒரே வகை நிறமிதான்: ஆந்தோசயனின். பச்சையம் சூரிய ஒளியில் நீலத்தையும் சிவப்பையும் பிடித்துக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறது. ஆந்தோசயனின் அந்தப் பச்சை ஒளியை விழுங்குகிறது, நம் கண்ணுக்குச் சிவப்பு மிஞ்சுகிறது. இன்னும் முதிராத மாங்கொழுந்துக்கு வெயில் அதிகம். பிடித்த ஒளியைச் செலவழிக்கும் அமைப்பு அதற்குள் முழுதாகத் தயாராகவில்லை. அதுவரை ஆந்தோசயனின் மேலே குடை பிடிக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். குளிர் நாடுகளில் சில பசுமைமாறாச் செடிகள் பனிக்காலத்தில் சிவப்பதும் இதே கணக்குதான். குளிரில் இலையின் வேலை மந்தமாகிறது, வெயில் அந்த அளவுக்குக் குறைவதில்லை, குடை தேவைப்படுகிறது.

குரோட்டன்ஸில் குளிருக்கு வேலை இல்லை. வெளிச்சம் மட்டுமே பேசுகிறது. போதிய வெயில் இருந்தால் முதிரும் இலையில் பச்சையம் குறையும், அடியிலிருக்கும் மஞ்சள் கரோட்டினாய்டு தெரியவரும், அதன்மேல் ஆந்தோசயனின் சேரும். நிழலில் வைத்தால் செடி கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிக்கப் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். வாடவில்லை, நோயில்லை, வெறும் பச்சை. பிழைக்கத் தெரிந்த செடி அது! நிழலில் உருவான பழைய இலை பெரிதாக மாறாது, புதிதாக வரும் இலைகளில்தான் நிறத்தை எதிர்பார்க்கலாம். அதனால் மார்கழிக்கு நிறம் வேண்டுமென்றால் ஆவணி, புரட்டாசியிலேயே தொட்டியைத் தெற்குச் சுவரடிக்கு நகர்த்திவிட வேண்டும். யூரியா போன்ற தழைச்சத்து உரத்தையும் அப்போதே குறைத்துவிடுங்கள். நிழலிலிருந்து ஒரே நாளில் முழு வெயிலுக்குத் தூக்கி வைத்தால் இலை கருகும். சில நாள் அரைநிழலில் பழக்கி நகர்த்துவது நல்லது.

இந்தச் செடி நம் ஊர்க்காரர் இல்லை. மலாய்த் தீவுகளிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடக்கு, மேற்குப் பசிபிக் தீவுகள் வரை இதன் தாயகம். அம்போன் தீவில் வாழ்ந்த தாவரவியலாளர் ரம்ஃபியஸ் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்து எழுதினார். 1670-இல் பார்வையை இழந்த பிறகும் அவர் தன் தாவர நூலைக் கைவிடவில்லை. அது அச்சேறியது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1741-இல். 1860-களில் செடி சேகரிப்பாளர் ஜான் கூல்ட் வீச் பசிபிக் தீவுகளிலிருந்து பல ரகங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே கண்ணாடி வீட்டுக்குள் கரி எரித்துச் சூடேற்றி இவற்றை வளர்த்தார்கள். நந்தனத்தில் அதே செடி தெருவோரத் தொட்டியில் தானாக நிற்கிறது. அதன் அருமை நமக்குத் தெரியாமல் போனதற்கு அது எளிதாகக் கிடைப்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இத்தனை ரகம் எப்படி வந்தது என்பதும் சுவையானது. விதை போட்டால் தாயைப் போல இல்லாமல் கன்றுக்குக் கன்று வேறுபடும். சில சமயம் ஒரே செடியில் ஒரு கிளை மட்டும் திடீரென வேறு நிறம் காட்டும். அந்தக் கிளையைப் பதியம் போட்டால் புது ரகம். உங்கள் செடியிலும் அது நடக்கலாம், கவாத்து செய்யும்போது கவனியுங்கள். சாறு துணியில் பட்டால் கறை போகாது, சிலருக்குத் தோல் அரிக்கும்.

முழு வெயில் விழும் இடத்துக்குக் குரோட்டன்ஸுக்கு இணையாக நான் சொல்வது அக்காலிஃபா. செம்பு நிறத்தில் கையகல இலை, வேகமான வளர்ச்சி, எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். வேலிக்குத் தங்க நிற துரந்தா போதும்; அதுவும் வெயில் குறைந்தால் பச்சைதான்.

வடக்குச் சுவரடியில் என்ன செய்வது? அங்கே மார்கழியில் நேர் வெயிலே இல்லை. அந்த இடத்துக்கு எக்ஸ்கோகேரியா அருமையான செடி. இலையின் மேல்புறம் கரும்பச்சை, புரட்டினால் அடர் சிவப்பு. காற்றில் இலை திரும்பும்போதெல்லாம் இரண்டும் மாறி மாறித் தெரியும். இதன் நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரம். பிச்சாவரத்துச் சதுப்பில் இன்றும் நிற்கிறது. இரண்டுக்கும் பால் உண்டு, இரண்டின் பாலும் கண்ணில் படக்கூடாது. குழந்தைகள் ஓடியாடும் வீடென்றால் சுவரோரமாக, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நிழல்செடிக்கு இலையின் அடியில் சிவப்பு எதற்கு என்பது இன்னும் முடியாத வழக்கு. தப்பிப் போகும் ஒளியை அது திருப்பி இலைக்குள்ளேயே அனுப்புகிறது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் அளந்து பார்த்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மரக்கிளைகளின் இடைவெளியில் திடீரென்று விழும் வெயில் பொட்டுகளிலிருந்து காக்கவா, பூச்சியை ஏமாற்றவா என்று கேள்வி திறந்தே கிடக்கிறது.

பாத்தி ஓரங்களில் நெருக்கமாக நட்டு வெட்டிவிடும் சிவப்பு ஆல்டர்னாந்தெராவின் கதை வேறு. பார்வைக்கு அக்காலிஃபாவின் சிவப்பு போலவே இருக்கும், வேதியியல் முற்றிலும் வேறு. இது கீரைக் குடும்பம். சிவப்புத் தண்டுக்கீரையை வேகவைத்தால் தண்ணீர் சிவந்து இலை பச்சையாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு பீட்டாலெய்ன், பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை. ஆந்தோசயனினும் பீட்டாலெய்னும் ஒரே செடியில் இயற்கையாகச் சேர்ந்து இருப்பதை இதுவரை எவரும் கண்டதில்லை. சோதிக்க எலுமிச்சை போதும். சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் ஊதாவாகி, ரோஜா நிறத்துக்கு வரும், அது ஆந்தோசயனின். பீட்ரூட் தண்ணீரில் விட்டால் நிறம் அசையாது.

மழைக்காலத்தில் தொட்டி சாவது பெரும்பாலும் தண்ணீர் தேங்கித்தான். அடியில் துளை அடைபட்டிருக்கிறதா என்று அக்டோபருக்கு முன்பே பாருங்கள். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், செம்மண்ணோடு மணலைக் கொஞ்சம் கூடுதலாகக் கலந்துகொள்ளுங்கள். மழை ஓய்ந்து காய்ச்சல் தொடங்கும் தை, மாசியில் மாவுப்பூச்சி வரும். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து இலையின் அடியில் படும்படி தெளித்தால் போதும். ரகங்களை ஒரே இடத்தில் பார்க்க விரும்பினால், கதீட்ரல் சாலையில் 2010-இல் திறந்த செம்மொழிப் பூங்கா பக்கம்தான். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்கு வருகிறவர்கள் அப்படியே ஒரு நடை போய் வரலாம்.

கடைசியாக, கிறிஸ்துமஸுக்குத் தொட்டியில் வரும் பாய்ன்செட்டியா. மெக்சிகோ செடி. சிவப்பாகத் தெரிவது பூ இல்லை, இலை; நடுவில் இருக்கும் சின்ன மஞ்சள் குமிழ்களே பூ. குரோட்டன்ஸ் வெளிச்சத்தால் சிவக்கிறது என்றால், இது இருட்டால் சிவக்கிறது. பகலின் நீளத்தைப் பொறுத்துச் செடி பூக்கிறது என்பதை விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும் 1920-இல் புகையிலையையும் சோயாவையும் வைத்துக் காட்டினார்கள். செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை என்பது பின்னர்தான் தெரிந்தது. பாய்ன்செட்டியாவுக்கு ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாத இருட்டு வேண்டும். ஜூனில் சென்னையின் இரவு 11 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், டிசம்பரில் பன்னிரண்டரையைத் தாண்டும். ஆக நம் ஊர் இரவு தானாகவே போதுமானது. கெடுப்பது தெருவிளக்கு. எல்.இ.டி. வெளிச்சம் விடிய விடிய விழும் வாசலில் வைத்த செடி எத்தனை மாதமானாலும் பச்சையாகவே நிற்கும். பால்கனியில் தெரு வெளிச்சம் எட்டாத மூலை இருந்தால் அங்கே மாற்றுங்கள். இல்லையென்றால் மாலை ஆறு மணிக்கு ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, காலை ஏழு மணிக்கு எடுத்து, பகலில் நல்ல வெயில் காட்டுங்கள். ஒரு நாள்கூட விடக்கூடாது. அக்டோபர் முதல் வாரம் தொடங்கினால் டிசம்பர் முதல் வாரத்தில் உச்சி இலைகள் சிவந்திருக்கும்.