பதினாறாவது பைட்

திருவரங்குளம் என்ற ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 15 எழுத்து. லினக்ஸ் இயங்குதளம் ஒரு நெட்வொர்க் இணைப்பின் பெயருக்கு ஒதுக்கும் இடம் 16 பைட். ஆங்கில எழுத்துக்கு ஆளுக்கொரு பைட் போக, மிச்சம் ஒன்று. அதில் எழுத்து எதையும் வைக்கக் கூடாது. பெயர் இத்தோடு முடிந்தது என்று காட்டும் சுழியத்துக்கான இடம் அது.

ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளத்துக்கும் அடித்தளம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். அது பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழியில் ஒரு சொல்லின் நீளத்தைத் தனியே குறித்து வைக்கும் வழக்கம் கிடையாது. சுழியம் வரும்வரை படித்துக்கொண்டே போக வேண்டியதுதான். சுழியம் விட்டுப்போனால், விண்ணப்பப் படிவத்தில் நம் பெயர் கட்டம் தாண்டித் தகப்பனார் பெயரோடு ஒட்டிக்கொள்வதுபோல, பக்கத்து நினைவகத்தில் இருப்பதும் சேர்ந்தே படிக்கப்படும். அது கடவுச்சொல்லாகவும் இருக்கலாம்.

இந்தக் கோளாறுக்குப் பேர்போனது ‘ஸ்டிர்-என்-காப்பி’ என்ற நிரல்கூறு. 16 பைட் இடத்தில் 16 எழுத்தை நகலெடுக்கச் சொன்னால், கடைசி பைட் வரை எழுத்தை நிரப்பிவிட்டுச் சுழியம் வைக்காமலே போய்விடும். உண்மையில் அது பிறந்தது வேறு வேலைக்கு. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் கோப்புப் பெயருக்கு நிலையாக 14 பைட். முழுதும் நிரம்பினால் சுழியம் தேவையில்லை, இடம் மிஞ்சினால் மிச்சமெல்லாம் சுழியம். அதற்கு அது பொருத்தம். பிறகு எல்லாரும் அதைப் பொதுவான நகலெடுப்புக்குப் பயன்படுத்தியதில்தான் வினை.

2015-இல் லினக்ஸ் 4.3-இல் அதற்கு மாற்றாக ‘ஸ்டிர்-எஸ்-காப்பி’ வந்தது. இடம் போதாவிட்டால் சொல்லை வெட்டும். ஆனால் கடைசியில் சுழியம் வைக்கும், வெட்டியதையும் பிழை எண்ணாகத் திருப்பிச் சொல்லும். நெட்வொர்க் டிரைவர்களில் இதற்கு வேலை அதிகம். டிரைவரின் பெயர், பதிப்பு, ஃபர்ம்வேர் பதிப்பு என்று ‘ஈத்-டூல்’ கருவி கேட்கும் விவரம் ஒவ்வொன்றுக்கும் 32 பைட் இடம். டிரைவர்கள் அவற்றைச் சொல் சொல்லாக நகலெடுத்துத் தருகின்றன.

பழையதைத் தேடிப் புதியதை ஒட்டினால் போதுமா? போதாது. பழைய கூறு மிச்ச இடத்தைச் சுழியத்தால் நிரப்பியது. புதியது அதைச் செய்வதில்லை. முன்பே துடைக்கப்படாத இடமாக இருந்தால், கெர்னலின் பழைய தரவு அதில் ஒட்டிக்கொண்டு பயனர் பக்கம் கசியும். அதற்காகவே நிரப்பும் வேலையையும் செய்கிற ‘ஸ்டிர்-எஸ்-காப்பி-பேட்’ தனியாக இருக்கிறது.

வைஃபை பெயரின் கதை இன்னொன்று. அதற்கு உச்சவரம்பு 32 பைட். நீளம் தனியே குறிக்கப்படுவதால் முடிவுச் சுழியம் வேண்டியதில்லை. அங்கே ஸ்டிர்-எஸ்-காப்பியைப் போட்டால் சுழியத்துக்காக ஒரு பைட் பறிபோகும். தமிழில் திருவரங்குளம் என்று வைக்கவோ 32-உம் போதாது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் அதற்கு 39 பைட். 32-இல் வெட்டினால் ‘ள’வின் மூன்று பைட்டில் இரண்டுதான் மிஞ்சும், எழுத்து உடையும்.

ஆகவே மாற்றும் ஒவ்வொரு வரியிலும் கேள்வி மூன்று: முடிவுச் சுழியம் வேண்டுமா, மிச்ச இடத்தை நிரப்ப வேண்டுமா, வெட்டினால் யாருக்குச் சொல்வது? விடை தெரியாமல் மாற்றுகிறவர் பழைய ஓட்டையை அடைத்துப் புதிய ஓட்டையைத் திறக்கிறார்.