வேற்றுலகத்தார் வந்தது தெரிந்தால்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமீது அமைந்த கீட்டோ நகரம், ஈக்வடார் நாட்டின் தலைநகரம். 1949-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, அங்கே வீடுகளில் அமர்ந்து வானொலியில் சங்கீதம் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களுக்கு, பாட்டு நடுவிலே நிறுத்தப்பட்டு, தெற்கே லத்தகுங்கா என்னும் ஊரின் பக்கம் செவ்வாய்க் கிரகத்தவர் இறங்கிவிட்டனர் என்றும், வழியிலுள்ளதை நாசம் செய்துகொண்டு அவர்கள் தலைநகரை நோக்கி வருகின்றனர் என்றும் செய்தி சொல்லப்பட்டது. மந்திரியின் குரலையும் நகரத் தலைவரின் குரலையும் போலப் பேச நடிகர்கள் ஏற்கெனவே அமர்த்தப்பட்டிருந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பெரு நாட்டோடு யுத்தம் செய்து தோற்றிருந்த அந்தத் தேசத்தில், படையெடுப்பு என்ற சொல்லுக்குக் கற்பனையின் துணை தேவைப்படவில்லை. உடுத்தியிருந்த துணியோடு வீதிக்கு ஓடிவந்தவர்களும், கோயில்களை நோக்கி விரைந்தவர்களும் பலர்.

நிலைமை கைமீறுவதை உணர்ந்த நிலையத்தார், இது ஹெச். ஜி. வெல்ஸ் எழுதிய நாவலைத் தழுவிய நாடகமே என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்போடு பயம் தீர்ந்தது, கோபம் பிறந்தது. வானொலி நிலையமும் அதன் உரிமையாளரான எல் கொமெர்சியோ பத்திரிகையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. கூட்டம் அங்கே திரண்டு கல்லெறிந்து, பிறகு தீ வைத்தது. உள்ளே இருந்தவர்களில் தப்பியவர் போக, சிலர் உயிரிழந்தனர். இதில் நிகழ்ச்சிகளின் வரிசையே கவனிக்கத்தக்கது: வேற்றுக் கிரகத்தார் வருகிறார்கள் என்று நம்பி ஓடியவரையில் அக்கட்டடத்துக்கு ஒரு தீங்கும் நேரவில்லை, தம்மை ஒருவர் ஏமாற்றினார் என்று தெரிந்த பிறகே அது எரிந்தது.

வேற்றுலக உயிர்கள் பூமிக்கு வந்துபோன விஷயத்தை ஒரு நாள் ஏதேனும் ஒரு சர்க்கார் ஒப்புக்கொண்டால் சமூகம் என்னவாகும் என்ற வினாவுக்கு விடை தேடுகிறவர்கள், மதங்கள் சரியும், பங்குச் சந்தை விழும், மனிதனின் தன்மதிப்பு நொறுங்கும் என்றெல்லாம் பட்டியல் போடுவது வழக்கம். என் அபிப்பிராயத்தில், அந்தச் செய்தியின் நெருப்பு வந்தவர்களிடத்தில் இல்லை, மறைத்தவர்களிடத்தில் இருக்கிறது.

அப்படி எதுவும் வந்ததற்கு இன்றுவரை நம்பத்தக்க ஆதாரம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா செண்டாரி 4.24 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாயேஜர் விண்கலத்தைப் போன்ற ஒன்று அத்தூரத்தைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்க விமானப்படையின் முன்னாள் உளவு அதிகாரியான டேவிட் கிரஷ் என்பவர், வேற்றுலகக் கலங்களைத் தம் அரசாங்கம் ஒளித்து வைத்திருப்பதாகப் பிறர் தமக்குச் சொன்னார்கள் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் பிரமாணம் செய்து கூறினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட அறிக்கையோ, அதற்கு ஓர் ஆதாரமும் அகப்படவில்லை என்றது. இரண்டையும் படித்த மகாஜனங்களில் பலர் புதிய முடிவு எதற்கும் வந்ததாகத் தோன்றவில்லை. தாம் முன்பு நம்பியதையே மேலும் உறுதியாக நம்பினார்கள் போலும்.

சர்க்கார் சொல்லின் மீதுள்ள இந்த அவநம்பிக்கைக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1947-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி, நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ராஸ்வெல் விமானத் தளத்திலிருந்து, பறக்கும் தட்டு ஒன்று கைப்பற்றப்பட்டதாக அறிக்கை வெளிவந்தது. மை உலருமுன்னே மேலதிகாரிகள் அதை மறுத்து, அது வானிலை பார்க்கும் சாதாரண பலூன் என்றார்கள். 1994-இல்தான், அது சோவியத் யூனியன் அணுகுண்டுச் சோதனை நடத்தினால் அதன் ஒலியலைகளை உயர்ந்த ஆகாயத்திலே பிடித்தறிவதற்காக அமெரிக்கா அமைத்த மோகல் என்னும் ரகசியத் திட்டத்தின் பலூனாக இருக்கக்கூடும் என்று விமானப்படை வெளிப்படுத்தியது. அதாவது, சர்க்கார் பொய் சொன்னது வாஸ்தவம். ஆனால் மறைத்தது வேற்றுலகத்தாரை அல்ல. நாற்பத்தேழு ஆண்டுகள் ஒரு சிறு பொய் நின்ற இடத்தில் பெரிய புராணம் ஒன்று வளர்ந்துவிட்டது. பிறகு உண்மையைச் சொன்னபோது அதை நம்பாதவர் பலர்.

மறைப்பதா சொல்வதா என்ற வினாவை அமெரிக்கர்கள் அலட்சியம் செய்ததில்லை. நாஸா ஸ்தாபனத்துக்காக 1960-இல் புரூக்கிங்ஸ் ஆராய்ச்சி நிலையம் தயாரித்த நீண்ட அறிக்கையில் சில பத்திகள் இதைப்பற்றியே பேசுகின்றன. தம் இடத்தைப் பற்றித் திடமான நம்பிக்கை கொண்டிருந்த சமூகங்கள் முன்பின் அறியாத மேலான சமூகங்களைச் சந்தித்தபோது சிதைந்து போனதுண்டு என்றும், வேறு சில தம் மதிப்புகளை மாற்றிக்கொண்டு பிழைத்ததுண்டு என்றும் அது கூறுகிறது. எந்தச் சூழ்நிலையில் இச்செய்தியை ஜனங்களுக்குச் சொல்வது, எந்தச் சூழ்நிலையில் சொல்லாதிருப்பது என்பதை ஆராய வேண்டும் என்கிறது. இயற்கையை வசப்படுத்துவதே தம் தொழில் என்றிருக்கும் விஞ்ஞானிகளும் பொறியியலாளருமே, தம்மிலும் மேலானோர் உண்டு என்றறிந்தால் மற்றெல்லோரையும்விட அதிகமாக இடிந்துபோகக்கூடும் என்ற அனுமானம் அவ்வறிக்கையில் என்னை மிகவும் ரசிக்க வைத்த இடம்.

மதங்களைப் பற்றிய பயம் அநாவசியம். வத்திக்கான் வான்நோக்கு நிலையத்தின் தலைவராயிருந்த ஹோசே கபிரியேல் ஃபூனெஸ் பாதிரியார், வேற்றுலக உயிர்களும் இறைவனின் சிருஷ்டியே என்று 2008-இலேயே சொல்லிவிட்டார். பதினான்கு உலகங்களைப் பற்றிப் புராணம் கேட்டு வளர்ந்த நம் பாட்டிமாருக்கு, இன்னும் ஓர் உலகத்தின் பெயரைக் கேட்டு மயக்கம் வந்துவிடாது.

பகிரங்கமாகச் சொன்னால் என்ன நேரும் என்பதற்கும் ஒரு சிறு முன்மாதிரி இருக்கிறது. அண்டார்டிகாவில் 1984-இல் கண்டெடுத்த, செவ்வாயிலிருந்து வந்து விழுந்த ஒரு விண்கல்லில் பூர்வ கால நுண்ணுயிர்களின் சுவடு இருக்கக்கூடும் என்று நாஸா விஞ்ஞானிகள் கருத, 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி ஜனாதிபதி கிளிண்டன் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நின்று அதைப் பற்றிப் பேசினார். உறுதிப்பட்டால் மகத்தானது, ஆயினும் மற்ற விஞ்ஞானிகள் பரிசீலிக்க வேண்டும் என்ற தோரணையில் அச்செய்தி வந்தது. கலகம் ஏதும் நிகழவில்லை. பின்னர் விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்காதபோது எவரும் தாம் வஞ்சிக்கப்பட்டதாகக் கூச்சலிடவும் இல்லை. கல்லில் உறைந்த கிருமி வேறு, வாசலில் வந்து நிற்கும் அந்நியன் வேறு என்பது சரிதான். ஆனாலும் சந்தேகத்தையும் சேர்த்தே சொன்ன செய்தி எவ்வளவு சாதுவாக நடந்துகொண்டது என்பதைக் கீட்டோவின் சாம்பலோடு வைத்துப் பார்க்கலாம்.

மறைத்தவர் மீதுள்ள கோபத்துக்கு அடுத்தபடியாக அஞ்சவேண்டியது மனிதர்க்குள் உள்ள பகை. வெளியிலிருந்து ஓர் ஆபத்து வந்தால் உலக நாடுகள் தம் வேற்றுமைகளை மறந்து ஒன்றுபடும் என்று 1987-இல் ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் பேசினார். கேட்பதற்கு இனிமையான வார்த்தை. சரித்திரம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. 1519-இல் ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் சில நூறு வீரரோடு மெக்ஸிகோவில் இறங்கியபோது, ஆஸ்டெக் அரசுக்கு நீண்ட நாள் விரோதிகளாயிருந்த த்லாஸ்காலா மக்கள், முதலில் போர் தொடுத்துப் பார்த்து, பின்னர் அந்தப் புதியவர்களையே தம் பழைய பகையைத் தீர்க்கும் ஆயுதமாகக் கொண்டார்கள். அடுத்த ஆண்டு பரவிய பெரியம்மையும், உடன் நின்ற பல்லாயிரம் உள்நாட்டு வீரர்களும் இல்லாவிடில், அந்தச் சிறு படை ஆஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லானை 1521-இல் பிடித்திருக்க முடியாது. விண்ணிலிருந்து எவரேனும் வந்திறங்கினாலும், அவர்களுடைய சிநேகத்தையும் யந்திர வித்தையையும் பக்கத்து நாட்டுக்கு முன்பாக நாம் பெற்றுவிடவேண்டும் என்பதே ஒவ்வொரு தலைநகரிலும் எழும் முதல் நினைப்பாக இருக்கும். ஒளித்து வைப்பதற்குக் காரணமும் அதுவாகவே இருக்கும்.

பூமியின் சார்பில் அவர்களோடு பேசும் உரிமை யாருக்கு என்பதை எவரும் தீர்மானிக்கவில்லை. கிரெனடா நாட்டுப் பிரதமர் எரிக் கெய்ரி, பறக்கும் தட்டுகளின் விஷயத்தை ஐக்கிய நாடுகள் சபை ஆராயவேண்டும் என்று 1978-இல் மன்றாடினார். விரும்பும் நாடுகள் தாமே ஆராய்ந்து தெரிவிக்கலாம் என்று சபை சொல்லியனுப்பியது. சில மாதங்களில் அவர் நாட்டில் நிகழ்ந்த புரட்சியில் அவருடைய பதவியும் போயிற்று. 1989-இல் சர்வதேச விண்வெளி அகாதமி ஒரு பிரகடனம் வகுத்தது: வேற்றுலகச் சமிக்ஞை கிடைத்தால் முதலில் சரிபார்ப்பது, பிற விஞ்ஞானிகளுக்குத் தெரிவிப்பது, உறுதியானதும் தாமதமின்றி ஜனங்களுக்குப் பகிரங்கமாகச் சொல்வது, சர்வதேச ஆலோசனை இல்லாமல் பதில் அனுப்பாதிருப்பது என்பன அதன் சாரம். அது தூரத்திலிருந்து வரும் சமிக்ஞையைப் பற்றியது. வந்து இறங்குவோரைப் பற்றி அதில் ஏற்பாடு இல்லை. எந்த அரசாங்கத்தையும் கட்டுப்படுத்தும் சட்ட வலிமையும் அதற்குக் கிடையாது.