எக்ஸ்ரேயில் தெரியும் இடைவெளி எல்லாம் எலும்பு முறிவு அல்ல

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு வந்தால், முதலில் கழுத்துப்பட்டை போடுவார்கள். பிறகு எக்ஸ்ரே. கழுத்தின் மேல் எலும்பில் இடைவெளி தெரிகிறது என்றதும், வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர் பதறிப் போவார்கள். "கழுத்து முறிஞ்சி போச்சா டாக்டர்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். சில வேளைகளில் அந்த இடைவெளிக்கும் விபத்துக்கும் தொடர்பே இருக்காது. அது பிறந்தது முதலே அங்கு இருந்திருக்கும்.

கழுத்தில் இருப்பவை 7 எலும்புகள். மேலே உள்ள இரண்டின் அமைப்பு தனி. முதல் எலும்பு அட்லஸ். வானத்தைத் தோளில் தாங்கியதாகக் கிரேக்கப் புராணம் கூறும் பாத்திரத்தின் பெயர் அது. தலையைத் தாங்குவதால் எலும்புக்கும் அதே பெயர் வந்தது. அது ஒரு வளையம் போல இருக்கும். இரண்டாவது எலும்பான ஆக்சிசிலிருந்து பல் போன்ற முனை ஒன்று எழுந்து அந்த வளையத்துக்குள் நிற்கிறது. திரிகையின் நடு முளையைச் சுற்றி மேல்கல் சுழல்வதுபோல, அந்த முனையைச் சுற்றி அட்லஸ் சுழலும். நாம் தலையைத் திருப்பும் அளவில் ஏறக்குறைய பாதி இந்த ஓர் இடத்தில்தான் நடக்கிறது.

அட்லஸ் வளையம் குழந்தை பிறக்கும்போது முழுமையாக இருப்பதில்லை. அதன் பின்பக்கம் பொதுவாக 3 முதல் 5 வயதுக்குள் ஒட்டிக்கொள்ளும். நூறு பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு அது ஒட்டாமலே நின்றுவிடுகிறது. பெரும்பாலோருக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. புதிய முறிவின் ஓரம் கூர்மையாக, ஒழுங்கற்று இருக்கும். பிறவி இடைவெளியின் ஓரமோ வழவழப்பாக, உருண்டு இருக்கும். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் தெளிவுபடுத்திவிடும்.

இன்னொரு மாறுபாடு எலும்புப் பாலம். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் முதுகெலும்புத் தமனி, அட்லசின் மேல் உள்ள ஒரு பள்ளத்தில் வளைந்து செல்கிறது. சிலருக்கு அந்தப் பள்ளத்தின் மேல் எலும்பு பாலம் போல் வளர்ந்து மூடியிருக்கும். ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், இது அவ்வளவு அபூர்வமன்று. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கழுத்தில் திருகாணி பொருத்தும் அறுவை சிகிச்சையின்போது, பாலத்தைத் தடித்த எலும்பு என்று எண்ணித் துளையிட்டால் அடியில் உள்ள தமனி காயப்படலாம். அதனால் இப்படி ஓர் அறிக்கை கிடைத்தவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்து, பின்னாளில் கழுத்துச் சிகிச்சைக்குப் போகும்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அலட்சியமே கூடாத மாறுபாடும் உண்டு. ஆக்சிசின் பல் முனை உடலோடு ஒட்டாமல் தனித்துண்டாக நிற்பது அது. இது பிறவியிலேயே வருகிறதா, சிறு வயதில் பட்ட அடியால் வருகிறதா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. முளை ஆடினால் திரிகை என்ன ஆகும்? வளையம் நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கலாம். கை கால் மரத்துப் போவது, நடை தடுமாறுவது போன்ற அறிகுறிகளை வயதின் மேல் பழி போட்டு விட்டுவிடக் கூடாது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கும், முடக்குவாதம் நீண்ட நாள் உள்ளவர்களுக்கும் இதே இடத்தில் தசைநார் தளர்ந்திருக்கலாம். குட்டிக்கரணம் போன்ற விளையாட்டுக்கு அனுப்புமுன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

இந்த மாறுபாடுகளை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முடிதிருத்தும் நிலையத்தில் தலையைப் பிடித்து 'சொடக்' என்று திருப்புபவருக்கும் அது தெரியாது. எலும்பு சரியாக இருப்பவருக்கும்கூட, சட்டென்ற திருப்பலில் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவதுண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் பெரிது. நாற்காலியில் உட்காரும்போதே "கழுத்து மட்டும் வேணாம் அண்ணே" என்று சொல்லிவிடலாம். எண்ணெய் தேய்த்து விடும் சுகத்தில் பிறகு அது நினைவுக்கு வராது.

சொடக்கு எடுத்த பிறகு இதுவரை இல்லாத கழுத்துவலி, தலைசுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும், தைலம் தேய்த்துக்கொண்டு காலைவரை காத்திராமல் உடனே அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.