சுவரில் சின்ன ஓட்டை. அட்வான்சில் பெரிய ஓட்டை!
சேர்ந்து குடியிருக்கும் வாலிபர்களின் "சொந்த ரிப்பேர்" கூத்து

"ஆள் எதுக்கு மச்சான்? நாமளே பண்ணிக்கலாம்!"

சேர்ந்து தங்கியிருக்கும் வாலிபர்களின் வீட்டில் இந்தப் பேச்சு கிளம்பினால், அன்றைக்கு ஏதோ ஒன்று உடையப்போகிறது என்று அர்த்தம்.

உடைவது குழாயாக இருக்கலாம். சுவராக இருக்கலாம். சில வேளைகளில் சிநேகிதமே உடைந்துவிடும்.

திருவல்லிக்கேணி, சூளைமேடு, வடபழனி, வேளச்சேரி என்று சென்னையில் எங்கே பார்த்தாலும் மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து வீடு பிடிக்கிறார்கள். வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் ஜவுளிக்கடை. ஒருவர் கம்ப்யூட்டர் கம்பெனி. இன்னொருவர் பரீட்சைக்குப் படிப்பவர். ஊர் வேறு, சம்பளம் வேறு, தூங்கும் நேரம் வேறு. ஒழுகும் குழாய் மட்டும் எல்லோருக்கும் பொது!

வீட்டுக்காரரிடம் சொன்னால், "அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன் தம்பி" என்பார். ஆடி போய் ஆவணி வந்தாலும் அந்த அடுத்த வாரம் வராது. பிளம்பரைக் கூப்பிட்டால், வந்து எட்டிப் பார்ப்பதற்கே கூலி. கையில் இருக்கும் செல்போனிலோ பத்து நிமிடத்தில் எல்லா வேலையும் கற்றுக்கொடுக்கும் வீடியோ ஓடுகிறது.

பிறகென்ன? டிரில்லிங் மிஷினை வாடகைக்கு எடுத்து வந்துவிடுகிறார்கள்.

சுவருக்குள் இருப்பது என்ன?

பெரும்பாலும் முதல் பலி சுவர்தான். துணி மாட்ட ஒரு ஸ்டாண்டு, சாமி படத்துக்கு ஒரு பலகை, டி.வி.க்கு ஒரு சட்டம். ஒருவர் துளை போடுவார். ஒருவர் ஸ்டூலைப் பிடிப்பார். மூன்றாமவர் கட்டிலில் படுத்தபடியே, "கொஞ்சம் இடது பக்கம் தள்ளு" என்று யோசனை சொல்வார்.

இந்தக் கால வீடுகளில் மின்சார ஒயர் சுவருக்குள்ளே குழாயில் ஒளிந்து ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் அது செல்வது வழக்கம். அந்த இடத்தில் துளை போட்டால் முனை நேரே ஒயரில் போய் இறங்கும்!

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். விளையாட்டு இல்லை.

குளியலறைச் சுவரிலும், சமையல் மேடைக்கு மேலும் இதே கதை. அங்கே ஒளிந்திருப்பது தண்ணீர்க் குழாய். குழாய்த் திருகுக்கு நேர் மேலும் கீழும் துளை போடுவது, போய் வம்பை விலைக்கு வாங்குவது.

சுவரின் கனத்தையும் பார்க்க வேண்டும். அறைகளைப் பிரிக்கும் சுவர் பல வீடுகளில் நாலரை அங்குலம்தான். அதில் ஒயர் பதிப்பதற்காகக் குறுக்கே நீளமாகக் காடி வெட்டினால் சுவர் பலம் இழக்கும். தூணையும் உத்தரத்தையும் கொத்தவே கூடாது. கம்பி தெரிந்தால் நிறுத்திவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

ஆப் செய்தவர் ஒருவர். ஆன் செய்தவர் வேறொருவர்!

தனியாக இருப்பவரைவிட, சேர்ந்து குடியிருப்பவர்களுக்கு ஓர் ஆபத்து அதிகம். அதுதான் உயிருக்கே உலை வைப்பது.

ஒருவர் மெயினை ஆப் செய்துவிட்டு உள்ளறையில் சுவிட்ச் போர்டைக் கழற்றுகிறார். ஒயர் கையில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து, இரவு வேலை முடிந்து இன்னொருவர் வந்து சேர்கிறார். வீடு இருட்டு. மின்விசிறி ஓடவில்லை. "அட, ட்ரிப் ஆயிடுச்சு போல" என்று நினைத்து மெயினைத் தூக்கிவிடுகிறார்.

அவ்வளவுதான்!

ஆன் செய்தவர் மேல் குற்றமா? அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆப் செய்தவர் மேல் குற்றமா? "எல்லோரும் தூங்குகிறார்கள்" என்று அவர் நினைத்தார். ஒரு வார்த்தை சொல்லாததுதான் குற்றம்.

இதற்கு மருந்து செலவில்லாதது. பழைய மாடல் பியூஸ் கட்டையாக இருந்தால் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். புது மாடல் சுவிட்ச் என்றால் அதன் மேல் டேப் ஒட்டி, "வேலை நடக்கிறது - தொடாதே" என்று பெரிதாக எழுதி வைக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கட்டிலில் படுத்து யோசனை சொல்பவருக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம்! அதற்குப் பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் ஒயரைத் தொடக்கூடாது. அந்த டெஸ்டரையே முதலில் மின்சாரம் உள்ள வேறு இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பிளக், நாலு அடுப்பு

காலை எட்டு மணி. ஒருவர் கரண்ட் அடுப்பில் உப்புமா கிண்டுகிறார். ஒருவர் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். ஒருவர் வாளித் தண்ணீரில் ஹீட்டர் கம்பியைப் போட்டிருக்கிறார். எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 வாட் அடுப்பு ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தாலே 13. ஆனால் சின்ன பிளக் தாங்குவதோ 6 ஆம்பியர். ஹீட்டர் கம்பி இன்னும் கணக்கில் சேரவில்லை.

பியூஸ் போகத்தானே செய்யும்? போகிறது. உடனே நம்ம ஆள் தடித்த கம்பியாகப் பார்த்துக் கட்டிவிடுகிறார். "இனிமே போகாது பாரு" என்று பெருமை வேறு.

பியூஸ் போகாது. வீடு போகும்! முதலில் உருக வேண்டிய மெல்லிய கம்பி உருகாவிட்டால், சுவருக்குள் இருக்கும் ஒயர் சூடாகி எரியும்.

இன்னொன்று. கூடுதல் சுமை வந்தால் விழும் சுவிட்ச், மனிதன் மேல் ஷாக் அடித்தால் விழும் என்று நம்ப முடியாது. அதற்குத் தனிக் கருவி இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிக்குள் மின்சாரத்தை வெட்டிவிடும். அது பெட்டியில் இருக்கிறதா என்று வீடு பிடிக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கீழ் வீட்டு அம்மாவின் தலையில் மழை

அடுத்தது குழாய். ஒழுகும் குழாயை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஆனால் மேல்தொட்டியின் வால்வை மூடாமல் குழாயைத் திருகுகிறவர்கள் இருக்கிறார்களே!

குழாய் கையோடு வந்துவிடும். தண்ணீர் பீச்சி அடிக்கும். ஒருவர் துணியை வைத்து அமுக்குவார். ஒருவர் வாளி தேடுவார். ஒருவர் மொட்டை மாடிக்கு ஓடுவார். மாடிக் கதவு பூட்டியிருக்கும்! சாவி வீட்டுக்காரரிடம்.

நிமிடத்துக்கு 15 லிட்டர் வெளியேறினால், 1,000 லிட்டர் தொட்டி ஒரு மணி ஏழு நிமிடத்தில் காலி. அத்தனை தண்ணீரும் எங்கே போகும்? கீழ் வீட்டுக் கூரை வழியாக இறங்கும்.

ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் வால்வு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். அதை ஒருமுறை மூடித் திறந்தும் பார்த்துவிட வேண்டும். வருடக்கணக்கில் தொடாத வால்வு சிக்கிக்கொண்டிருக்கும்.

குளியலறைத் தரையைக் கொத்துவதும் இதே வம்புதான். டைல்சுக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் பூசிய பூச்சு இருக்கும். அதை உடைத்துவிட்டு மேலே வெறும் சிமெண்ட் பூசினால், கீழ் வீட்டுக் கூரையில் ஈரத் தேமல் படரும்.

பெயிண்டும் ஆசிட்டும்

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ திடீரென்று அழகு ஆசை வரும். பழைய சுண்ணாம்புக்கு மேலேயே புது பெயிண்டை இழுத்துவிடுவார்கள். உப்புத்தாள் தேய்ப்பதில்லை. பட்டி பார்ப்பதில்லை. பிரைமர் என்றால் என்னவென்றே கேட்பார்கள். மூன்றே மாதத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உரிந்து விழும். ஓதம் ஏறிய சுவருக்கு பெயிண்ட் அடிப்பதோ, புண்ணுக்கு மேல் பவுடர் பூசுவது. ஈரம் வரும் வழியை அடைக்காமல் எத்தனை கோட் அடித்தாலும் கொப்புளம்தான்.

சுண்ணாம்பு அடிப்பவர்கள் கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும். தெறித்தால் கசக்கக்கூடாது. ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

வேலை முடிந்ததும் தரையைக் கழுவும்போதுதான் பயங்கரம். சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றுவார் ஒருவர். அது தெரியாமல், நாற்றம் போக பிளீச்சிங் பவுடரைத் தூவுவார் இன்னொருவர். இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915-ல், முதல் உலகப் போரில், ஈப்ரே போர்க்களத்தில் சிப்பாய்களைக் கொல்ல விட்டார்களே, அதே வாயு! ஜன்னல் இல்லாத குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். நெடி ஏறினால் உடனே வெளியே ஓடிவர வேண்டும். மூச்சு முட்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

பழைய வீடா? கூரையைத் தொடாதீர்!

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கத்துப் பழைய வீடுகளில் "மெட்ராஸ் டெரஸ்" கூரையை இன்றும் காணலாம். மர உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் நெருக்கமாக அடுக்கிய கூரை அது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஊஞ்சல் கொக்கிக்காக அதில் துளை போட்டால் கொக்கியோடு செங்கல்லும் இறங்கும்.

சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசுவதும் தவறு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளே அடைத்துவிடும். பிறகு பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்.

செலவு யார் தலையில்?

உடைந்த பிறகுதான் உண்மையான சண்டை.

"துளை போட்டவன்தான் கொடுக்கணும்."

"போடச் சொன்னது நீதானே?"

"நான் அன்னைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எனக்குச் சம்பந்தமே இல்லை!"

அட்வான்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். மற்றவர்கள் அவரிடம் பங்கு கொடுத்திருப்பார்கள். உடைத்தவர் வேலை மாறி, புதிதாக வருபவரிடம் தன் பங்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டைக் காலி செய்யும் நாளில் வீட்டுக்காரர் ஓட்டைகளை எண்ணுவார். போடாத ஓட்டைக்குப் பணம் இழப்பவர், புதிதாக வந்த அந்த அப்பாவி!

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய வீட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், யார் எதைப் பழுதுபார்ப்பது என்று அது பிரித்துச் சொல்கிறது. கட்டிடப் பழுது, வெள்ளை அடித்தல், குழாய் மாற்றுதல், ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்பவர் உடைத்ததை அவர்தான் கட்டித்தர வேண்டும். சுவரை இடிப்பது, அறையை மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கூடாது.

ஆக, குடியிருப்பவர் இனாமாகச் செய்து, உடைத்துக்கொண்டு, பணமும் கட்டுகிற வேலைகளில் பாதி வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை!

நாலு வரி போதும்

குடிபோகும் அன்றே சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். பழுதையும் வாயால் சொல்லாமல் எழுதி அனுப்ப வேண்டும். தேதி நின்று பேசும்.

வீட்டுக்குள்ளும் ஒரு நோட்டுப் போட வேண்டும். என்ன வேலை, யார் யார் சம்மதம், கெட்டால் செலவு எப்படிப் பங்கு. ஒருவர் வெளியேறும்போது எல்லோரும் சேர்ந்து வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவர் பங்கைக் கொடுக்க வேண்டும்.

வாஷர் மாற்றலாம். பூட்டு மாற்றலாம். பட்டி பார்த்து பெயிண்டும் அடிக்கலாம். அதில் தவறே இல்லை, நல்ல பழக்கம்தான். ஆனால் ஒயர், தூண், கூரை மூன்றுக்கும் தொழில் தெரிந்த ஆள்தான் வர வேண்டும்.

எலெக்ட்ரீஷியன் கூலியை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பிரியாணிக் காசு. ஷாக்கை நான்காகப் பிரிக்க முடியாது. அது ஒருவருக்குத்தான் அடிக்கும்!