தும்புரு தீர்த்தம்: கூட்டத்தோடு போய், கூட்டத்தோடு திரும்புங்கள்

சித்தூரிலும் திருப்பதியிலும் வேலை பார்க்கும் தமிழர்களில் ஏழுமலையானைத் தரிசிக்காதவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். ஆனால், அந்த மலையின் காட்டைப் பார்த்தவர்கள் சிலரே. தரிசனம் முடிந்ததும் லட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறி விடுவதே வழக்கம்.

சேஷாசலக் காடு லேசுப்பட்டதல்ல. 2010-ம் ஆண்டில் இது உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 4,755 சதுர கிலோ மீட்டர். செம்மரமும் தேவாங்கும் தங்கப் பல்லியும் உள்ள காடு இது. யானையும் சிறுத்தையும் நடமாடும் காடும் இதுவே.

மூன்று பவுர்ணமிகள்

நினைத்த நாளில் நினைத்தபடி இதற்குள் போக முடியாது. தைப் பவுர்ணமியில் ராமகிருஷ்ண தீர்த்தம், மாசிப் பவுர்ணமியில் குமாரதாரை, பங்குனிப் பவுர்ணமியில் தும்புரு தீர்த்தம் என்று மூன்று தீர்த்த விழாக்கள் நடக்கின்றன. "முக்கோடி" என்பது இவற்றின் பெயர். தேதியையும் நேரத்தையும் தேவஸ்தானம் முன்கூட்டியே அறிவிக்கும்.

இவற்றில் காட்டு நடைக்குப் பெயர் பெற்றது தும்புரு. சித்தூரிலிருந்து பாகாலா வழியாக ரயிலில் திருப்பதி வரலாம். திருமலை ஏறி, அங்கிருந்து பஸ்சில் பாபவிநாசம் சென்றால், அணைக்கு அப்பால் ஒற்றையடிப் பாதை தொடங்குகிறது. பாறை ஏற்றம், வழுக்கும் இறக்கம், ஓடை என்று வழி மாறிக்கொண்டே போகும். முடிவில் மலையே இரண்டாகப் பிளந்தது போல் இருபுறமும் நெட்டுப் பாறைகள் நிற்கின்றன. நடுவே குளிர்ந்த நீர். இங்கேதான் பக்தர்கள் நீராடுகிறார்கள். தெலுங்குக் கவி தரிகொண்ட வெங்கமாம்பா தவம் இருந்ததாகச் சொல்லப்படும் குகையும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு.

அன்று தேவஸ்தானத்தார், வனத்துறையினர், போலீசார், தொண்டர்கள் வழிநெடுக நிற்கிறார்கள். குடிநீரும் உணவும் தருகிறார்கள். மருத்துவக் குழுவும் இருக்கும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் வர வேண்டாம் என்று முன்பே எச்சரிக்கிறார்கள். அதை மதிப்பதே நல்லது. பாதி வழியில் மூச்சுத் திணறினால் ஆளைத் தூக்கி வர வேறு பாதை கிடையாது.

ஏன் கூட்டத்தோடு?

"நாலு பேர் சேர்ந்து குறுக்கு வழியில் போய் விடலாம்" என்று சில இளைஞர்கள் நினைக்கக் கூடும். அவர்கள் மூன்று சம்பவங்களை நினைவில் வைக்க வேண்டும்.

2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 23 பேர் மாண்டனர். பங்குனியும் அதே போல் புல் காய்ந்து கிடக்கும் காலம். அணையாத ஒரு பீடித் துண்டே போதும்.

2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில், பெற்றோருடன் வந்த 6 வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. படிக்கட்டும் ஆள் நடமாட்டமும் உள்ள பாதை அது. அதன் பிறகே பக்தர்களுக்குக் கைத்தடி கொடுத்து, கூட்டமாகச் செல்லச் சொன்னார்கள்.

மூன்றாவது, தமிழர்கள் மறக்க முடியாதது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி இதே சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகக் கூறி ஆந்திர போலீசார் சுட்டதில் தமிழகத்துத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். அதன் நியாய அநியாயம் பற்றிய வாதம் வேறு. வழி தவறி அலையும் தமிழன், தான் யாத்ரீகன் என்று சொல்லிப் புரிய வைப்பது எளிதல்ல என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை, தண்ணீர், கட்டுச்சோறு, பிடிப்புள்ள செருப்பு, ஒரு துண்டு. கூட்டத்தில் தெலுங்கு தெரிந்த ஒருவராவது இருக்கட்டும். வழியில் சொல்லும் எச்சரிக்கை புரிய வேண்டும் அல்லவா? அடுப்பு மூட்டக் கூடாது. காய்ந்த கட்டையானாலும் காட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து வரக் கூடாது.

புறப்படும்போது எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தீர்த்தத்தில் ஒரு முறை, பாபவிநாசம் திரும்பியதும் ஒரு முறை எண்ணுங்கள். மூன்று கணக்கும் ஒன்றாக இருந்த பிறகு பஸ் ஏறுங்கள்.