காலி செய்ய முடியாத தொட்டி

ஒரு பெரிய வணிகக் கட்டடத்தில் லிஃப்டுக்கும் பாய்லருக்கும் குறித்த காலத்தில் சோதனை நடத்திச் சான்றிதழ் எழுதித் தருவதற்கு அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே வேலை செய்யும் அத்தனை பேரும் நாள்தோறும் தொட்டுப் புழங்குகிற ஜலம் எங்கே தங்கி வருகிறதோ அந்தத் தொட்டியை, அது மொட்டை மாடியின் மூலையிலோ வண்டிகள் நிற்கும் தரைக்கு அடியிலோ மறைந்து கிடக்கும் ஒரே காரணத்தால், பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டி நிரம்பியிருக்கையில் தண்ணீரின் எடை மட்டுமே 100 டன். 3 மீட்டர் ஆழம் நீர் நின்றால், அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் இரவு பகலாக 3 டன் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இத்தனை பாரம் சுமப்பதை ஏன் கவனியாமல் விடுகிறார்கள் என்று கேட்டால், நிர்வாகிகளின் அலட்சியம் என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். என் அபிப்பிராயத்தில் அது பாதி உண்மைதான். மற்றப் பாதி, அந்தத் தொட்டியைக் காலி செய்வதற்கு வழியே வைக்காமல் கட்டிவிட்டார்கள் என்பது.

கல்கத்தாவின் வட பகுதியில் டாலா என்ற இடத்தில், 110 அடி உயரத்தில், 1909இல் வேலை தொடங்கி 1911 முதல் நீர் வழங்கிவரும் ஓர் எஃகுத் தொட்டி இருக்கிறது. 90 லட்சம் காலன், அதாவது ஏறக்குறைய 4 கோடி லிட்டர் கொள்ளும் அதன் பருமனைக் கண்டு வியக்காதவர் இல்லை. எனக்கோ அதன் வயிற்றுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்களே பெரிய விசேஷமாகத் தோன்றுகின்றன. நான்கு அறைகளாகப் பிரித்துக் கட்டப்பட்டிருப்பதால், ஓர் அறையை மூடி வற்றச் செய்து உள்ளே பழுது பார்க்கும்போது மற்ற அறைகள் நகரத்துக்கு நீர் தந்துகொண்டிருக்க முடியும். எஃகு என்றாவது ஒரு நாள் துருப்பிடிக்கும், அன்றைக்கும் ஜனங்கள் தண்ணீர் கேட்பார்கள் என்ற இரண்டு சாதாரண விஷயங்களை அதைக் கட்டியவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

நம்முடைய அம்பத்தூரிலும் திருப்பூரிலும் ஓசூரிலும் உள்ள ஆலைகளில், அல்லது எந்த நகரத்தின் ஓட்டலிலும் மருத்துவமனையிலும், சாதாரணமாகக் காணப்படுகிற ஏற்பாடு வேறு. தரைக்கடியில் ஒரே சம்ப். அதிலிருந்து மோட்டார் இறைத்து ஏற்றும் ஒரே மேல்நிலைத் தொட்டி. சுத்தம் செய்யும் காண்ட்ராக்டர் வந்து, "ஸார், ஞாயித்துக்கிழமை ஒரு நாள் தண்ணிய நிறுத்திக் குடுங்க, முடிச்சிடறேன்" என்பார். "ஞாயித்துக்கிழமையும் ரெண்டு ஷிஃப்டு ஓடுதுப்பா, அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார் மேலாளர். இருவர் மீதும் குற்றமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டிய தொட்டி ஆறு வருஷம் கழுவப்படாமல் போவது இப்படிப்பட்ட நியாயமான பேச்சுக்களின் மூலமாகத்தான்.

அந்த ஆறு வருஷமும் தொட்டிக்குள் நடப்பது என்ன? லாரித் தண்ணீரோடு வரும் நுண்மணலும் களிமண்ணும், கிணற்று நீரில் கரைந்து வந்து காற்றுப் பட்டதும் திரளும் இரும்புச் சத்தும் அடியில் மெல்ல மெல்லப் படிகின்றன. வெளியேறும் குழாயை அடித்தளத்துக்குச் சில அங்குலம் மேலே வைப்பது இந்த வண்டல் உள்ளே போகக்கூடாது என்பதற்காகவே. ஆனால் வண்டல் குழாய் மட்டத்தை எட்டிவிட்டால் அந்த உபாயம் பயன்படாது. கீழ்மட்டத்தில் கழிவுக் குழாயும், அதை நோக்கிச் சற்றே சரிந்த தளமும் இருந்தால் அரை நாளில் சேற்றைத் தள்ளிவிடலாம். அவை இல்லாத தொட்டியில் வாளியால் அள்ள வேண்டும். தண்ணீர் வருகிற வாயும் போகிற வாயும் ஒரே மூலையில் இருந்துவிட்டாலோ, எதிர்மூலையிலுள்ள நீர் நாட்கணக்கில் அசையாமல் நிற்கும். அதிலிருந்த குளோரின் தன் வீரியத்தை இழந்துவிடும். தீயணைப்புக்கென்று ஒதுக்கிய நீருக்கும் இதே கதிதான். அதனால் நல்ல பொறியாளர்கள் புதிய நீரை முதலில் தீயணைப்புத் தொட்டிக்குள் விட்டு, அது நிரம்பி வழிந்த பிறகே உபயோகத் தொட்டிக்குப் போகும்படி அமைக்கிறார்கள். இருப்பும் குறைவதில்லை, தண்ணீரும் தேங்குவதில்லை.

இனிக் கசிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிமெண்டுக் கலவை புதிதாக இருக்கையில் காரத்தன்மை மிகுந்தது. அந்தக் காரம் உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பியின்மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்ததும் படலம் அழிந்து, கம்பி துருப்பிடிக்கிறது. துரு தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும் வஸ்து ஆகையால், இடம் போதாமல் கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைக்கிறது, உடைந்த வழியே மேலும் ஈரம் புகுகிறது, மேலும் துரு. நீர்த்தொட்டிகளுக்கான இந்தியத் தர விதியாகிய ஐ.எஸ். 3370, பிளவின் அகலம் 0.2 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்ற கணக்கை வைத்திருப்பதன் காரணம் இதுவே. அதைவிட நுண்ணிய பிளவுகளில் சுண்ணாம்பு வெள்ளையாகப் பூத்து, பிளவு தானாகவே அடைபட்டுப்போவதும் உண்டு. ஆகவே சுவரில் வெள்ளைக் கோடு கண்டவுடன் கலவரப்பட வேண்டியதில்லை. அந்த வெள்ளையோடு பழுப்பு நிறம் கலந்து இறங்கினால்தான் கம்பி அரிக்கிறது என்று தெரிந்துகொண்டு ஜாக்கிரதையாக வேண்டும்.

இந்த நிலையில் நம்மவர்கள் செய்கிற முதற்காரியம், ஒழுகும் இடத்தில் வெளிப்புறமாகச் சிமெண்டு பூசி வண்ணம் அடிப்பது. தொட்டியைக் காலி செய்ய முடியாதபோது வேறு என்னதான் செய்வது! ஆனால் தண்ணீர் உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிறது. வெளியே ஒட்டிய பூச்சை அது இரண்டு மழைக்காலத்துக்குள் பெயர்த்துவிடுகிறது. அதற்குள் ஒழுகல் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருப்பதால், கம்பி அரிப்பது மட்டும் நிம்மதியாக நடந்துகொண்டிருக்கிறது.

தரைக்கடித் தொட்டியின் தொல்லை இன்னும் சூட்சுமமானது. உள்ளே நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது வெளியே கசியும் அதே பிளவு, மட்டம் தாழ்ந்து வெளியே நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது மண்ணிலுள்ளதை உள்ளே வாங்கிக்கொள்கிறது; பக்கத்தில் சாக்கடைக் குழாய் போகுமானால் அதன் விளைவை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்ப்பை முழுவதும் வற்றச் செய்வதும் அபாயம். சுற்றிலும் நிலம் ஊறி நிற்கையில் காலியான தொட்டி ஓடம் போல மேலெழும்ப முயன்று தளத்தையும் குழாய் இணைப்புகளையும் முறித்துவிடக்கூடும். நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும் ஆனி, ஆடி மாதங்களே இதற்கு உகந்தவை.

மூடி அற்ப விஷயம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கிடியன் என்றொரு சிற்றூர். ஜனத்தொகை ஏறக்குறைய 1,100. 1993ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அங்கே 600க்கும் மேற்பட்டவர்கள் சால்மோனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்குக்கு ஆளானார்கள். முதியோர் இல்லத்தில் இருந்த ஏழு பேர் மாண்டார்கள். காரணத்தை ஆராய்ந்தபோது, பறவைகள் புகுந்து எச்சமிட்டிருந்த மேல்நிலைத் தொட்டியைத்தான் நிபுணர்கள் சுட்டிக்காட்டினார்கள். நம் ஊரில் மூடாத தொட்டி வாய் வழியாகப் பறவைக்கு முன்னால் கொசு வந்துவிடும். சென்னையின் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்ஸி என்ற கொசுவுக்கு மேல்நிலைத் தொட்டியும் கிணறும் பிடித்தமான பிரசவ அறைகள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டையோ, தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்க வல்லது. ஆதலால் தண்ணீரை மாற்றினால் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும். இறுக மூடும் மூடியும், வழிந்தோடும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலையும் இருந்தால் இந்த இரண்டு பிராணிகளும் உள்ளே வர வழியில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இறங்குகிற மனிதன் இருக்கிறான். சாக்கடையில் விஷவாயு இருக்கும் என்பதை எல்லோரும் அறிவார்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியில் என்ன ஆபத்து என்றுதான் அவனும் அவனை அனுப்புகிறவரும் நினைக்கிறார்கள். காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு இருக்க வேண்டும், 19.5க்குக் கீழே போனால் அந்த இடத்தில் இறங்கலாகாது என்பது விதி. மூடிக் கிடந்த எஃகுத் தொட்டியில், துருப்பிடித்தல் என்கிற காரியமே அந்தப் பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. அழுகிய வண்டலைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்பைடு எழும்பக்கூடும். முட்டை அழுகிய நாற்றத்தால் அதைக் கண்டுகொள்ளலாம் என்பார்கள், ஆனால் அளவு மிகும்போது அது மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், நாற்றம் நின்றது நல்லதென்று எண்ணுகிற கணம்தான் மிகவும் கொடியது. சேற்றை இறைக்க டீசல் பம்பை உள்ளேயே இறக்கினால் அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு. பழுது முடிந்து பூச்சுப் பூசும்போது அதன் கரைப்பானின் ஆவி. முதலில் மயங்கியவனைத் தூக்கப் பதறி இறங்குகிறவர்களும் மடிவது இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகிற கொடுமை.

நம் நாட்டின் 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தை இயற்றியவர்கள் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். தகுதியுள்ளவர் உள்ளே சோதித்து எழுத்துமூலம் சான்று தந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது. இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறு நுனியை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கையில் கொண்டுபோகும் மின்விளக்கு 24 வோல்ட்டுக்கு மேற்படலாகாது என்றும் அது சொன்னது. இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஆனாலும் ஏணியும் ஒரு துடைப்பமுமே போதுமென்று இன்றும் ஆள் இறக்குகிறார்கள்.

ஒருவாறு தொட்டி காலியாகி, காற்றும் சோதிக்கப்பட்டு, கொத்தனார் உள்ளே போய்விட்டால் பிறகு வேலை கடினமல்ல. பொறுமை மட்டும் வேண்டும். சுவரும் தளமும் கூடும் மூலையையும், குழாய் சுவரைத் துளைக்கும் இடங்களையும் முதலில் பார்க்க வேண்டும். ஒழுகல்களில் பெரும்பகுதி அங்கேதான். தட்டிப் பார்த்துப் பொக்கென்று ஒலிக்கும் கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டிக் கம்பியைப் பளபளக்கச் செய்து, காப்புப் பூச்சிட்டு, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்ப வேண்டும். பிளவுகளுக்குள் பிசினையோ சிமெண்டுப் பாலையோ அழுத்தத்தோடு செலுத்துவார்கள். கிரவுட்டிங் என்பது இதுதான். அதற்குமேல் பூசும் பூச்சு குடிநீருக்கு ஏற்றது என்று சான்று பெற்றதாக இருப்பது அவசியம். அது நன்றாக இறுகும் முன் அவசரப்பட்டு நீர் விட்டால், பணமும் போகும், தண்ணீரில் மருந்து வாசனையும் வரும்.

கடைசியாகக் கிருமி நீக்கம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்பது வழக்கமான அளவு. பத்தாயிரம் லிட்டருக்கு அரைக் கிலோ குளோரின் வேண்டும். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் ஆகையால் ஒன்றரைக் கிலோ போட வேண்டும். மூட்டை பழையதானால் வீரியம் குறைந்திருக்கும். சில மணி நேரம் நிறுத்தி வைத்த அந்தக் கார நீரைச் செடிகளுக்கு விடாமல் வடித்து, கழுவி, மறுபடி நிரப்பலாம்.

நிரப்பியதும் வேலை முடிந்துவிட்டதாகக் காண்ட்ராக்டர் பில்லை நீட்டுவார். கான்கிரீட் தன் பங்குக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள ஏழு நாள் விட்டு, அதன்பின் எல்லா வால்வுகளையும் மூடி, இன்னும் ஏழு நாள் தினமும் அதே நேரத்தில் நீர்மட்டத்தை அளந்து எழுதிக்கொள்வதுதான் முறையான பரீட்சை. இரண்டு வாரம் தொட்டியை அப்படிச் சும்மா விட்டுவைப்பதற்கு இரண்டாவது அறையோ, தற்காலிகமாக வைத்த சின்டெக்ஸ் தொட்டிகளோ இருந்தாக வேண்டும். அது முடிகிற வரையில் கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்வதில் தவறில்லை.